ஆறாம் எண்ணுக்கு நேரே

பல்கலைக்கழகப் பெண்கள் சாஃப்ட்பால் அணியின் ஐம்பது வருட வரலாற்றில் ஒரே ஒரு பக்கம்தான் பாக்கி. அதை எழுதப் பயந்துகொண்டு ஸ்கோரர் அக்கா மூன்று வாரமாக மற்ற பக்கங்களில் காற்புள்ளி திருத்திக்கொண்டிருந்தாள்.

உடற்கல்வித் துறையின் பின்னறை. மூலையில் சுண்ணாம்புப் பொடி மூட்டை, கிழிந்த வலை. மேசை நிறைய பழைய ஸ்கோர் புத்தகங்கள்.

வரலாறு எழுத வேறு ஆள் கிடையாது. மாணவியாக இருந்த காலத்தில் அவளை ஓடச் சொன்னால் நடப்பாள், நடக்கச் சொன்னால் உட்காருவாள். சரி, உட்கார்ந்தே இரு என்று பென்சிலைக் கையில் கொடுத்துவிட்டார்கள். படிப்பு முடிந்து அங்கேயே எழுத்தராகச் சேர்ந்த பிறகும் ஸ்கோர் எழுதுவதை அவள் விடவில்லை.

கதவருகே ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். புத்தகத்துக்காகப் பழைய ஆட்டக்காரிகளிடம் கேட்டிருந்த புகைப்படத்தைக் கொண்டுவந்திருந்தாள். அம்மா ஷார்ட் ஸ்டாப் ஆடியவள் என்றாள். போன மாதம் அம்மா இறந்துவிட்டதையும் சொன்னாள்.

எழுதாமல் கிடக்கிற பக்கம், இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவே நின்று பந்தைத் தடுத்த அந்த ஷார்ட் ஸ்டாப்பைப் பற்றியதுதான். எழுதி முடித்ததும் நேரில் போய்க் காட்ட வேண்டும் என்று ஸ்கோரர் அக்கா இருந்தாள். முப்பத்துநாலு வருஷமாக நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாயிற்று. இன்னும் ஒரு மாதம் பொறுக்கக் கூடாதா? போய்ச் சேர்ந்துவிட்டாளே, பாவி.

அது முப்பத்துநாலு வருஷத்துக்கு முந்தைய இறுதிப் போட்டி, கடைசி இன்னிங்ஸ். எதிரணிக்காரி அடித்த பந்து தரையோடு ஷார்ட் ஸ்டாப்பிடம் வந்தது. கையுறைக்கு ஒரு சாண் முன்னால் ஒரு கூழாங்கல். அதில் பட்ட பந்து தோளுக்கு மேலே எகிறிப் போனது. மூன்றாவது பேஸில் நின்றவள் ஓடி வந்து வெற்றி ரன்னை எடுத்தாள். கோப்பை போயிற்று.

கல்லில் பட்டு எகிறினால் யார் என்ன செய்ய முடியும்? அதை ஹிட் என்று எழுத வேண்டும். அந்த ரன் பந்து போட்ட பிட்சரின் தலையில் விழும். பிடிக்கக்கூடிய பந்தை விட்டால் மட்டுமே எரர். அப்போது பழி விட்டவளுக்கு, பிட்சர் பக்கம் சுத்தம். எது என்று முடிவு செய்கிற அதிகாரம் ஸ்கோரர் ஒருத்திக்குத்தான்.

அன்று சாயங்காலம் தேசிய முகாமுக்கு அந்த அணியிலிருந்து ஒருத்தியை எடுக்க இருந்தார்கள். பிட்சரா, ஷார்ட் ஸ்டாப்பா என்று இழுபறி. தேர்வுக்குழுவுக்கு ஸ்கோர் புத்தகம்தான் சாட்சி.

ஷார்ட் ஸ்டாப்புக்குப் புத்தகத்தில் எண் ஆறு. ஆறாம் எண்ணுக்கு நேரே எரர் என்று எழுதினாள்.

பிட்சர் முகாமுக்குப் போனாள். நாட்டுக்காக ஆறு வருஷம் ஆடினாள், நல்ல வேலையும் வாங்கினாள். இந்த வரலாற்றுப் புத்தகத்தை மேடையில் வெளியிடப்போவதும் அவள்தான்.

ஷார்ட் ஸ்டாப் அன்று கழற்றிய கையுறையைப் பிறகு மாட்டவே இல்லை. கோப்பையைக் கோட்டைவிட்டவள் என்ற பேர் மட்டும் கூடவே வந்தது. ஒருமுறை பேருந்து நிறுத்தத்தில் எதிர்ப்பட்டபோது, தன் கை நழுவியதால்தானே எல்லாருடைய உழைப்பும் வீணானது என்று அவளே சொல்லிச் சிரித்தாள். ஸ்கோரர் அக்கா பேருந்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போது ஸ்கோரர் அக்கா அந்த மகளை உட்காரவைத்துக் கல்லைப் பற்றிச் சொன்னாள். உன் அம்மா மேல் தப்பே இல்லையம்மா என்று அழுத்திச் சொன்னாள். அன்றைக்கு வெயிலில் கண் கூசியது, அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டேன் என்றாள். இன்றைக்கே ஹிட் என்று திருத்தி அச்சுக்குக் கொடுத்துவிடுவதாக வாக்கும் கொடுத்தாள்.

மகள் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

“கல்லு விஷயம் அம்மாவுக்கு அன்னைக்கே தெரியும். எழுதுறதுக்கு முன்னாடி நீங்க பிட்சரைத் திரும்பிப் பார்த்தீங்களாம், அதையும் பார்த்திருக்காங்க. எதையும் மாத்த வேணாம்னு சொல்லச் சொன்னாங்க. உங்க தங்கச்சிக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிடுமாம்.”

அன்றைக்கு வெயிலே இல்லை. காலையிலிருந்து வானம் மூடிக்கிடந்தது. பிட்சர் வட்டத்தில் நின்ற தங்கை அழுகிற மாதிரி இருந்தாள், அவ்வளவுதான்.

பேருந்து நிறுத்தத்தில் அந்தப் பேச்சை ஷார்ட் ஸ்டாப் வேண்டுமென்றேதான் எடுத்திருக்கிறாள். வாயைத் திறப்பேனா என்று பார்த்திருக்கிறாள். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே! ஸ்கோரர் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மகள் எழுந்து வந்து தோளைத் தொட்டபோது அழுகை இன்னும் கூடியது.

செத்துப்போனவள் மன்னித்துவிட்டாள் என்பதற்காக விட்டுவிட முடியுமா? அவள் மன்னித்ததுதான் தாங்க முடியவில்லை.

மகளைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை எழுதினாள். பந்து கல்லில் பட்டது, அது ஹிட், ஸ்கோரர் பொய் எழுதினாள், பிட்சர் ஸ்கோரரின் உடன்பிறந்த தங்கை. நாலே வரி. கீழே தன் முழுப் பெயரையும் போட்டாள்.

மகள் இரண்டு முறை படித்தாள். புகைப்படத்தை அந்தத் தாளின் மேல் வைத்துவிட்டு வெளியே போனாள்.

புத்தகம் தங்கை கைக்கு மேடையில் போவதற்கு முன்னால் விஷயம் அவள் காதுக்குப் போக வேண்டும். ஸ்கோரர் அக்கா போனை எடுத்தாள். இரண்டாவது மணியிலேயே தங்கை எடுத்துவிட்டாள். விழாவுக்கு என்ன புடவை கட்டுவது என்று கேட்கத்தான் நானே கூப்பிட இருந்தேன் என்றாள். எடுத்துவைத்திருந்த இரண்டு புடவைகளின் நிறத்தையும் கரையையும் விவரமாகச் சொல்லி முடித்தாள்.

“நீ எதுக்குக் கூப்பிட்டே? சொல்லுக்கா.”