செம்பு மூட்டை

சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், 1993ஆம் ஆண்டு சிங்காநல்லூர் மில் ஒன்றின் மாபெரும் மோட்டார் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தது. நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடியது, இனி 960தான். புதிதாக வாங்கிய ராட்சத ஃபேன் அதற்குமேல் தாங்காது. சிதறினால் ஷெட்டில் ஆள் மிஞ்சாது. முதலாளி கிருபாசங்கர் திறப்பு விழாவுக்கு ரிப்பன், நாதஸ்வரம் எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டார்.

மோட்டார் வைண்டிங் கடை பிரான்சிஸ் உள்ளே சுற்றியிருந்த பழைய செம்புக் கம்பியை வெட்டியெடுத்துவிட்டு, 960க்கு ஏற்றபடி புதுக் கம்பி சுற்றினார். வெட்டிய செம்பை அவர் அமுக்கிவிடுவார் என்று, முதலாளி அதைச் சாக்கில் கட்டித் தன் மேஜைக்கடியில் வைத்துக்கொண்டார்.

ஃபேனை மாட்டாமல் ஓட்டிப் பார்த்தார்கள். மீட்டர் 1440 காட்டியது.

"ஏனுங்க பிரான்சிஸ், நானு ரிப்பனை வெட்டறதா, உங்களை வெட்டறதாங்க?"

"சுத்துனது சரிதானுங்க. வேணும்னா பிரிச்சே பாத்துப்போடுங்க."

பிரித்தார்கள். சரியாகத்தான் இருந்தது. மறுபடி ஓட்டினார்கள், 1440. கோபமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்த முதலாளி காலை வெடுக்கென்று இழுத்தார். சாக்கு சுட்டது. மோட்டாரை நிறுத்தியதும் ஆறியது. வெட்டியெடுத்த பழைய கம்பி இன்னும் வேலையை விடவில்லை.

அன்றே சாக்கைத் துடியலூர் பழைய இரும்புக் கடைக்கு ஏற்றி அனுப்பினார். சாக்கு தூரம் போனதும் மோட்டார் 960க்கு இறங்கியது. ரிப்பன் வெட்டும்போது, "எல்லாம் நம்ம ஐடியாதானுங்க" என்றார்.

இரும்புக் கடைக்காரர் மனைவி சாமியாத்தாள் மழைக்காலத்தில் அந்தச் சாக்கின்மேல்தான் துணி காயப்போடுகிறார். மில்லுக்கு லீவான ஞாயிற்றுக்கிழமை மட்டும் துணி காய்வதில்லை.