இந்த அனுமதி எதற்கு

ஆப் ஸ்டோர்காரர்கள் நான்காவது முறையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கடிதம் நன்றியில் ஆரம்பித்தது. எப்போதும் அப்படித்தான். விஷயம் அதற்குக் கீழே.

செயலி ஏற்கப்படவில்லை. பயனரின் அழைப்புப் பதிவை இது ஏன் படிக்க வேண்டும் என்பதற்கு நீங்கள் சொன்ன காரணம் போதவில்லை. விளக்கத்தோடு ஒரு வீடியோவும் இணைக்கவும்.

செயலியை எழுதிய அவள் வாசித்துக் காட்டினாள்.

தனபால் விசிட்டிங் கார்டின் முனையால் பல்லிடுக்கைக் குத்திக்கொண்டிருந்தார். கம்பெனி அவருடையது.

“என்னத்தையாவது எழுதிப்போடு கண்ணு. பொண்ணுக பாதுகாப்புக்குன்னு போடு. அத எவன் வேண்டாம்பான்?”

நான்கு முறையும் அவள் அதைத்தான் எழுதியிருந்தாள்.

செயலியின் பெயர் தாய்மடி. கோவையில் ஒரு மகளிர் கல்லூரி விடுதிக்காகச் செய்தது. மெஸ்ஸில் இன்றைக்கு என்ன சாப்பாடு, வெளியே போக அனுமதிச் சீட்டு, கல்லூரி பஸ் வரும் நேரம். கூடவே, எந்தப் பெண் எந்த எண்ணோடு எத்தனை நிமிடம் பேசினாள் என்பதையும் எடுத்துக்கொண்டு போகும்.

பெற்றோரின் எண்ணைச் சரிபார்க்க என்றுதான் அவளிடம் சொன்னார்கள்.

அவளும் நம்பினாள்.

இல்லை. கேட்காமல் இருந்தாள்.

வீடியோ எடுக்க உண்மையான தகவல் ஓடும் திரை வேண்டும். இரண்டு மாதமாக அறுபது பெண்களிடம் சோதனை ஓடிக்கொண்டிருந்தது. தனபால் வார்டனின் கடவுச்சொல்லை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். அவள் முதல் தடவையாக உள்ளே போனாள்.

பெயர். எண். நிமிடம்.

முப்பது நிமிடத்தைத் தாண்டினால் வரி சிவப்பாகும். அந்தச் சிவப்பைத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான். கண்ணை உறுத்தாத சிவப்பு. மூன்றைப் போட்டுப் பார்த்து எடுத்தது.

கடைசியில் குறிப்புக்கு ஒரு கட்டம். அதில் வார்டன் எழுதியிருந்தார்.

‘அண்ணன் என்கிறாள். விசாரித்தாச்சு, அண்ணன் இல்லை.’

‘பையன். அப்பாவுக்குச் சொல்லியாச்சு. சனிக்கிழமை வந்து கூட்டிப்போய்விட்டார். வைகாசியில் கல்யாணமாம்.’

அடுத்தது இரண்டாமாண்டு கிருபா. நாற்பத்தொரு நிமிடம். இவள் அந்த எண்ணை இணையத்தில் தேடிப் பார்த்தாள். மனம் உடைந்தவர்கள் கூப்பிடுகிற உதவி எண் அது.

‘இங்கே என்ன குறை இவளுக்கு? யாரைப் பற்றிப் பேசினாள்? கூப்பிட்டு விசாரிக்கணும்.’

 

எழுந்து போய்க் கை கழுவினாள். எலுமிச்சை வாசனை சோப்பு. மறுபடியும் கழுவினாள்.

குளியலறைக் கதவில் ஓட்டை போடச் சொன்னதும், அளவெடுத்து, பிசிறில்லாமல் போட்டுக்கொடுத்த தச்சனின் கை மாதிரிதான் இதுவும்.

திரும்பி வந்து வீடியோவை எடுத்தாள். பெயர்களையும் எண்களையும் கறுப்பால் மறைத்தாள். குறிப்புகளை மறைக்கவில்லை.

‘இந்த அனுமதி எதற்கு?’ என்று படிவம் கேட்டது.

விடுதிப் பெண்கள் யாரிடம் பேசுகிறார்கள் என்று வேவு பார்ப்பதற்கு.

எழுதினாள். அனுப்பினாள். அன்றைக்கு முதல் தடவையாகப் பசித்தது.

திங்கட்கிழமை பதில் வந்தது. செயலிக்கு நிரந்தரத் தடை.

தனபால் கத்துவார் என்று நின்றுகொண்டிருந்தாள். அவர் கத்தவில்லை. அவள் எழுதியதை அவர் படிக்கவே இல்லை. மைசூர்பா டப்பாவைத் திறந்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

“போனாப் போகுது, ஸ்டோரே வேண்டாம் கண்ணு. ஃபைல வாட்ஸ்அப்புல அனுப்பிப்போடலாம். வார்டனம்மாவே ஒவ்வொருத்தி போனையும் வாங்கி ஏத்திப்போடறேன்னுட்டாங்க. தொள்ளாயிரம் பொண்ணுக. எப்படி ஏத்தறதுன்னு படம் போட்டு ஒரு தாள் மட்டும் எழுதிக் குடு.”

நெய் மின்னும் விரலால் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

“எடுத்துக்கோ.”

“வேண்டாம் சார்.”

இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். படம் போட்டு ஒரு தாள் எழுதினாள்.

ஏற்றுவது எப்படி என்றல்ல.

செட்டிங்ஸைத் திறக்கவும். தாய்மடியைத் தொடவும். அனுமதிகள். அழைப்புப் பதிவு. ‘அனுமதிக்காதே’ என்பதை அழுத்தவும். இதுவரை உங்கள் அழைப்புகளை வார்டன் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுபது பெண்களின் எண்களும் வார்டனின் திரையில் இருந்தன. தன் சொந்த எண்ணிலிருந்து ஒவ்வொருத்திக்கும் அனுப்பினாள்.

பத்து நிமிடம் கழித்துப் போன் அடித்தது.

“அக்கா, நான் கிருபா. தாய்மடி பத்தி மெசேஜ் போட்டது நீங்கதானே?”

சின்னக் குரல். வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது.

“நான்தான்ம்மா.”

“இத ஆஃப் பண்ணா மேடத்துக்குத் தெரிஞ்சிருமாக்கா?”



தெரிந்துவிடும். யார் அனுமதியை நிறுத்தினாலும் அடுத்த நொடியே வார்டனுக்குச் செய்தி போகும். மார்கழியில், ஒரு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், அதையும் அவளே எழுதிக் கொடுத்திருந்தாள். நன்றாக வந்திருக்கிறது என்று தனபால் முதுகில் தட்டினார்.

“அக்கா?”

“மேடத்துக்குத் தெரியாது,” என்றாள். “ஆனா இப்ப பண்ணாத. அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பண்ணு. மத்தவங்ககிட்டயும் அப்படியே சொல்லிரு.”

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள்.

அழித்துவிட, சர்வரில் தான் எழுதிய அந்த நிரல் வரிகளைத் தேடத் தொடங்கினாள்.