நாலு விரல்

அந்தப் பெரியவர் ஷோரூமில் நின்ற புத்தம்புதுக் காரின் பின்பக்கமாக ஏறி, உள்ளே மல்லாந்து படுத்துவிட்டார்.

வண்டி விற்கும் பெண்ணுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயையோ, சார்! என்ன பண்றீங்க? இறங்குங்க சார்!"

"இரும்மா. அந்தப் பின்கதவைச் சாத்து, பார்ப்போம்."

"உங்களை உள்ள வச்சா?"

"ஆமாங்கறேன்."

பின்சீட்டை மடக்கிக் காட்டச் சொன்னார், காட்டினாள். அவள் செய்த தப்பு அவ்வளவுதான். வேறு வழியில்லாமல் கதவை இறக்கினாள். ரெண்டு குழந்தைகளோடு அடுத்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் ஒன்று, பேசாமல் வெளியே நடையைக் கட்டியது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான்!

அவளுக்கு அந்த மாசம் இன்னும் ஒரே ஒரு வண்டி போகணும். போகாவிட்டால் வேலை நிரந்தரமாகாது என்று மேனேஜர் காலையில்தான் சொல்லியிருந்தார்.

இந்தப் பெரியவர் வருவது இது மூணாவது தடவை. வண்டி வாங்க வருகிறவர்கள் முதலில் மைலேஜ் கேட்பார்கள், அப்புறம் கலர் கேட்பார்கள். முதல் தடவை வந்தபோதே இவர் அதெல்லாம் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ரெண்டு முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றை எடுத்தார். பக்கக் கண்ணாடிகளை மடக்கச் சொல்லி, வண்டியின் அகலத்தை அளந்தார்.

"நாலு விரல் ஜாஸ்தி. வேணாம்."

"நாலு விரலுக்கா சார் இவ்வளவு நல்ல வண்டியை வேணாம்கறீங்க?"

"நாலு விரல்னா நாலு விரல்தாம்மா."

"அப்ப பின்னாடி டிக்கி தனியா வர்ற மாடல் ஒண்ணு இருக்கு. பார்க்கறீங்களா?"

"அது ஆகவே ஆகாது. பின்கதவு முழுசா மேல தூக்கணும்."

'கயிறு மாமா' என்று பேர் வைத்துவிட்டார் மெக்கானிக். "மாட்டுச் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பார்க்கறவன்கூடத் தேவலை" என்று ஷோரூமே சிரித்தது. அவளும்தான் சிரித்தாள்.

இன்றைக்கு இருப்பதிலேயே சின்ன வண்டியில் கயிறு சரியாக நின்றுவிட்டது. அந்த சந்தோஷத்தில்தான் ஏறிப் படுத்தார் போலிருக்கிறது.

இறங்கி வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "கால் கொஞ்சம் மடங்குது, பரவாயில்லை. இதையே எழுதிடும்மா."

"ஓட்டிப் பார்க்க வேணாமா சார்?"

"எனக்கு ஓட்டத் தெரியாதே!"

"வீட்டுல வேற யாரு ஓட்டுவாங்க?"

"வீட்டுல நான் ஒருத்தன்தான்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். மேனேஜர் காதருகே வந்து, "மறை கழண்ட கேஸு. மனசு மாறறதுக்குள்ள கையெழுத்து வாங்கு" என்றார்.

வாங்கினாள். தனியாக இருக்கும் ஒரு கிறுக்கு மனுஷன் தலையில் வண்டியைக் கட்டிவிட்டோமே என்று உறுத்தியது. ஆனால் வேலை வேண்டுமே? வீடு வரைக்கும் நாமே கொண்டுபோய் விடுவோம் என்று மனசைச் சமாதானம் பண்ணிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவர் வழி சொல்லச் சொல்ல ஓட்டிக்கொண்டு போனவள், ஒரு சந்து முனையில் பிரேக்கை அழுத்தினாள்.

"சார், இதுல ரெண்டு சைக்கிளே எதிரெதிரா போகாதே!"

"போகும்மா. அளந்துதானே வாங்கினேன்? கண்ணாடியை மடக்கிட்டு நேரா வா."

அவர் இறங்கி வண்டிக்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே கையைக் காட்ட, அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியை ஊர விட்டாள். ரெண்டு பக்கமும் சுவர் உரசாமல் நகர்ந்தது. வாசலுக்கு வாசல் தலைகள் எட்டிப் பார்த்தன. இங்கே வண்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறக்கவே முடியாது, பின்கதவு ஒன்றுதான் திறக்கும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கடைசி வீடு அவருடையது. அதன் முன்னால் குழாயடியை ஒட்டி ஒரு வண்டி நிற்க இடமிருந்தது. அவள் இறங்கி வேர்வையைத் துடைத்தாள். சாவியை வாங்கிய பெரியவர், வாசல் கதவுக்கு வெளியே ஓர் ஆணியில் அதை மாட்டினார்.

"என்ன சார் இது! வெளியில மாட்டறீங்க? யாராவது எடுத்துட்டுப் போயிட்டா?"

"எடுக்கத்தாம்மா மாட்டறேன். ராத்திரி பகல்னு பார்க்காம எடுக்கணும்."

ஆணிக்குக் கீழே ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'ஓட்டத் தெரிந்தவர்கள்' என்று தலைப்பு. கொத்தனார், நர்ஸம்மா, டைலர் மகள் என்று ஒன்பது பேர், ஒன்பது போன் நம்பர்.

"இந்தச் சந்துல யாருக்கு உடம்புக்கு முடியலைன்னாலும் பின்கதவைத் தூக்கிப் படுக்க வச்சு, ஒரே அழுத்தா ஆஸ்பத்திரிக்கு ஓட்டிடணும்."

அவளுக்கு வாசலில் கிடந்த ஒரு மர நாற்காலியைக் காட்டினார்.

"போன வருஷம் என் வீட்டுக்காரிக்கு நெஞ்சு வலி. இதுல உட்கார வச்சுத்தான் நாலு பேரு தூக்கிக்கிட்டு ஓடினோம். முனை வந்து சேர்றதுக்குள்ள போயிட்டா."

"ஏன் சார், ஆம்புலன்ஸ் வரலையா?"

"வராம என்ன? எட்டே நிமிஷத்துல வந்துச்சே!" என்றவர், பையிலிருந்து அந்தக் கயிற்றை எடுத்து ஆணியில் சாவியோடு சேர்த்து மாட்டினார்.

"உள்ள நுழையத்தாம்மா நாலு விரல் பத்தலை."