பின் சீட் இல்லாத கார்

பழைய கார் விற்கும் கடையில் ஒரே ஸ்போர்ட்ஸ் காரின் இரண்டு மாடல்கள் நின்றன. முதலில் வந்ததில் இரண்டே சீட். பிறகு வந்ததில் பின் சீட்டும் உண்டு.

"எனக்குப் பழசுதான்," என்றாள் மனைவி. அவள் சம்பளம், அவள் ஓட்டப்போகும் கார்.

அவனுக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் அம்மா நிற்கிறாளே!

"எங்கம்மா எங்க உட்காருவாங்க? டிக்கியிலயா?"

"ரெண்டு சீட் போதுங்க."

"மாமியாரைக் கழட்டிவிடத்தானே இந்தப் பிடிவாதம்? ஊரே காறித் துப்பும்!"

"துப்பட்டும். கண்ணாடியை ஏத்திக்கிறேன்."

மனைவி பழைய மாடலின் சாவியை வாங்கி, உள்ளே உட்கார்ந்து இன்ஜினை உறும விட்டாள்.

"பார்த்தியாம்மா, உன்னை நடுத்தெருவுல விட்டுட்டா. நீ பஸ்ல வந்துடு," என்று உருகியபடியே அவன் மறுபக்கக் கதவைத் திறந்தான்.

அம்மா அவனை விலக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"பஸ்ல நீ வாடா. இந்த மாடல்தான் வேணும்னு சொன்னதே நான்தான். பின் சீட் இருந்தா என்னை அங்கதானே தள்ளுவே? வாக்கப்பட்ட நாள்லேர்ந்து முதல்ல உங்கப்பா பிடரி, அப்புறம் உன் பிடரி. ஒரு தடவையாவது ரோட்டைப் பார்த்திருப்பேனா? நீ எடும்மா!"