டைவர் யாகோப்பு

"ஒரே லைட்ட நம்பி உள்ள போறவங்க திரும்பி வரமாட்டாங்க" என்றார் யாகோப்பு. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இருவரும் ஒரே நேரத்தில் பேனாவை எடுத்தார்கள்.

பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. வெலிமடை உருளைக்கிழங்கு வியாபாரத்தில் நிமிர்ந்த முதலாளி ஒருவர், மட்டக்களப்புக் கடலடியில் மூழ்கிக் கிடக்கும் கப்பல்களை வெள்ளைக்காரர்களுக்குக் காட்டும் தொழிலைப் புதிதாகத் தொடங்கியிருந்தார். மச்சான் முன்ஸிப்பை மனேஜர் ஆக்கினார். கடலுக்கடியில் பிடிக்கும் விளக்குகளை வாங்குகிற பொறுப்பு அஸ்ஹருக்கு.

இரண்டு பேருமே கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்தவர்கள் அல்லர். அதனால் என்ன? கடலில் மூழ்கும் டைவர்களைத் தேர்ந்தெடுக்க வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கேள்வித்தாள் கையில் இருந்தது, விடைகளோடு.

காலையில் திருகோணமலையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். இருபது வருடமாக உடைந்த கப்பல்களுக்குள் இறங்கி ஏறியவர். முதல் கேள்விக்கே, "தம்பி, நீங்க எப்பவாவது இறங்கிப் பாத்திருக்கீங்களா?" என்று திருப்பிக் கேட்டார். 'பணிவு போதாது' என்று எழுதி முன்ஸிப் அவரை அனுப்பிவிட்டார்.

யாகோப்பு அப்படிப்பட்டவர் இல்லை. கொஸ்லந்தைத் தோட்டத்தில் வேலை நின்று ஏழு மாதம். நேற்று மைத்துனர் போன் பண்ணி, "பதுளையில ஒரு கம்பெனி டைவர் தேடுதாம். வெளிநாட்டு ஆளுங்கள கூட்டிட்டுப் போற வேலையாம்" என்றதும், மனைவி செசிலி ஞாயிறு பூசைக்கு மட்டும் எடுக்கும் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்திருந்தாள். கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் எழுந்து நின்றுதான் பதில் சொன்னார்.

"அப்ப எத்தனை லைட் வேணும்?" என்றார் முன்ஸிப்.

"மூணுங்க. மெயின் ஒண்ணு. அது போனா இன்னொண்ணு. அதுவும் போயிருச்சுன்னா கையில ஒண்ணு. கையில இருக்கறதுக்கு மட்டும் பழைய பேட்டரி போடவே கூடாது."

அஸ்ஹர் விடைத்தாளைப் பார்த்தார். வரிக்கு வரி அப்படியே இருந்தது.

"முன்னால ஒண்ணுமே தெரியல்லன்னு வைங்க. பவர் கூடின லைட்ட அடிப்பீங்களா?"

"ஐயோ, அடிச்சா வெள்ளச் சொவரு மாதிரி மூஞ்சிக்கே திரும்பி வருங்க. வெளிச்சம் ஒடுக்கமா, கீழாப்புல விழணும். ஓரத்த விடாம புடிச்சுக்கிட்டு மெதுவா வந்துரணும்."

"எதிர்ல ஆள் வந்தா?"

"கண்ணுல அடிக்கப்படாது. மெதுவா ஒரு தரம் காட்டினா, 'நான் நல்லா இருக்கேன்'னு அர்த்தம். படபடன்னு காட்டினா ஆபத்து."

முன்ஸிப் மேசைமேல் வரிசையாக இருந்த ஒன்பது விளக்குகளைக் காட்டி, ஒன்றை எடுக்கச் சொன்னார். அஸ்ஹர் ஆசைப்பட்டு வாங்கிய, சோற்றுக்கோப்பை அகலத்து விளக்கு நடுவில் இருந்தது. யாகோப்பு அதைத் தொடவே இல்லை. ஓரத்தில் கிடந்த ஒல்லி விளக்கை எடுத்து, அதன் தலையைத் திருகிப் பார்த்தார்.

"இதுதாங்க நல்லது. குளிர்ல வெரல் மரத்துப் போனா சின்ன பட்டன் எல்லாம் அமுத்த முடியாது. இத முழுக் கையால திருகலாம்."

அஸ்ஹருக்கு முகம் சுருங்கியது. ஆனால் விடைத்தாள் யாகோப்பு பக்கம்தான் நின்றது.

"கொஸ்லந்தையில இருந்துக்கிட்டு இதெல்லாம் எப்பிடிப் பழகினீங்க?" என்று கேட்டார் அஸ்ஹர், கொஞ்சம் காரமாக.

"மலையில பழகுறதுதாங்க கஷ்டம். இங்க தேறினவன் எங்கயும் போவான். பதினெட்டு வருஷம். எங்க ஊருல டைவர் யாகோப்புன்னு கேட்டா சின்னப் புள்ளையும் வீட்டக் காட்டும்."

"உயரமான எடத்துத் தண்ணி" என்று முன்ஸிப் அஸ்ஹரின் காதில் ஓதினார். "அதுல மூழ்குறதுக்குத் தனி சேர்ட்டிபிக்கேட்டே இருக்கு." பிறகு உரக்கக் கேட்டார். "எத்தனை பேரக் கூட்டிட்டுப் போயிருப்பீங்க?"

"கணக்கே இல்லைங்க. புள்ளத்தாச்சிப் பொம்பளைங்களக்கூட கூட்டிட்டுப் போயிருக்கேன்."

"கர்ப்பிணிகளையா!"

"அவசரம்னா என்னங்க செய்யிறது? ஒரு புள்ள பாதி வழியிலேயே பொறந்துருச்சு. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க."

அஸ்ஹர் விடைத்தாளை முன்னும் பின்னும் புரட்டினார். இது அதில் இல்லை. "வெளிநாட்டுல இப்ப தண்ணிக்குள்ளதான் பிரசவமே பாக்குறாங்க" என்று முன்ஸிப் மெல்ல விளக்கம் சொல்லி, நூற்றுக்கு நூறு போட்டுக் கையெழுத்து வைத்தார்.

நியமனக் கடிதத்தை வாங்கிய யாகோப்புக்குக் கண் கலங்கிவிட்டது. அனுமதி கேட்டு, வாசலுக்குப் போய் செசிலிக்குப் போன் பண்ணினார். "கெடச்சிருச்சு செசிலி. பெரிய மனசுக்காரங்க. நம்ம தொழில இவ்வளவு மதிச்சு யாருமே கேட்டதில்ல."

திரும்பி வந்தபோது அஸ்ஹர் இன்ஷூரன்ஸ் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குத்தான்" என்றார் அவர், தலை நிமிராமலே. "நீங்க ஒரே மூச்சுல எவ்வளவு தூரம் நீந்துவீங்கன்னு எழுதட்டும்?"

யாகோப்பு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீச்சலா? லொறி ஓட்டுற டைவருக்கு அது எதுக்குங்க?"