பெரிய எழுத்து

மாரிசெல்வியின் மின்புத்தக ரீடரில் எழுத்துகள் இன்றும் பெரிதாகியிருந்தன. அத்தனை பெரிய திரையில் நான்கே சொற்கள். அவளுக்குத் தெரியாமல் எடுத்துப் படிப்பது கணவன் சுடலைக்கண்ணன்தான். பஸ் ஓட்டுகிறவன். பார்வை மங்குகிறதோ? கண் போனால் வேலையும் போய்விடும்.

சாயந்திரம் தாராவி பஸ் ஸ்டாப்பில் மெல்லக் கேட்டாள். "ஏங்க, அந்தா வர்ற பஸ்ல என்ன போட்டிருக்கு?"

தூரத்திலிருந்தே மராத்திப் பலகையை வாசித்துவிட்டான். "டிராம்பே. என்னட்டி, பரீட்சை வைக்கியா?"

"அப்போ ரீடர்ல எழுத்தை ஏன் அவ்வளவு பெருசாக்குதீங்க?"

அவன் தலை குனிந்தான். "அது தமிழ்லா! மராத்தி ஸ்கூல்ல படிச்சவனுக்குச் சின்ன எழுத்தெல்லாம் ஒரே சுழியாத் தெரியுது. நீ தனியாச் சிரிச்சுச் சிரிச்சுப் படிக்கியே, என்னன்னு பாக்கலாம்னுதான்."

"விரல் வச்சா அதுவே வாசிச்சுச் சொல்லுமே?"

"சொல்லுது. அது வாசிக்கையில ல, ள, ழ மூணும் காதுக்கு ஒண்ணாத்தான் இருக்கு. உன் பேர்ல வர்றது எதுட்டி?"