பூச்சூடிய வண்டி

கோபகபானா மாதா கோவில் வாசலில், ஆசீர்வாதம் வாங்க வந்த வண்டிகள் பூச்சூடி வரிசையாக நிற்கின்றன. திதிகாகா ஏரியின் வெளிச்சம் பட்டு ஒவ்வொரு கண்ணாடியும் கண்ணைக் கூச வைக்கிறது. ரோமுலோ ஓட்டிவந்த வெள்ளை வண்டி அவன் முதலாளியுடையது. சொந்தமாக வாங்கிவிட்டேன் என்று அம்மா கசில்டாவிடம் அளந்துவிட்டான். வழியில் வந்த ஏரிக்கரை ஊர்களிலெல்லாம் கசில்டா கண்ணாடியை இறக்கி, பொரித்த மீன் விற்பவர்களிடம்கூட, "எம்மவன் வண்டி" என்று பீற்றிக்கொண்டே வந்தாள். கைத்துணி தேடித் தன் இருக்கைக்கு முன்னாலிருந்த சின்னப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு குழந்தையின் செருப்பு கிடந்தது. கலியாணமாகாத மகனை ஒருதரம் பார்த்தாள், பெட்டியை மூடிவிட்டாள். அதற்குப்பிறகு வந்த ஊர்களில் அவள் கண்ணாடியை இறக்கவில்லை. இப்போது பாதிரியார் தீர்த்தத்தோடு வந்து, "வண்டி யாருதும்மா?" என்கிறார். "எம்மவனுதுதான், சாமி" என்கிறாள் கணீரென்று. தீர்த்தம் தெறிக்கிறது, பக்கத்தில் சரவெடி வெடிக்கிறது. ரோமுலோ தலை நிமிராமல், கதவில் ஒட்டிய பூவிதழை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருக்கிறான். அம்மா பாவாடையைக் கூட்டிப் பிடித்துக் குனிந்து, ஊர் வழக்கப்படி சக்கரத்தில் பீரை ஊற்றியபடி வண்டியிடம் முணுமுணுக்கிறாள்: "உங்க வீட்டுப் புள்ளகுட்டியெல்லாம் நல்லாருக்கட்டும்." பிறகு அவன் பக்கம் திரும்பாமலே சொல்கிறாள்: "திருப்பிக் குடுக்கறப்ப பூவை அவுத்துடாதடா."